பெர்முடா மட்டுமா, நான்கு ஊர்களா? முதல் க்ரூஸ் பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முதல் கப்பல் பயணத்துக்கு விலை தேடும்போது இரண்டு வகை விளம்பரங்கள் கண்ணில் படும். ஒன்று, ஏழு இரவு, பெர்முடா மட்டும். மற்றது, ஏழு இரவு, நான்கு ஊர்கள். விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், நான்கு ஊர் காட்டுவதுதானே லாபம் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கரையில் கைக்கு வரும் நேரம் எவ்வளவு, அது எத்தனை துண்டாகக் கிடைக்கிறது, கூட யார் வருகிறார்கள், அவர்கள் பாஸ்போர்ட்டில் என்ன விசா இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்யும் முறை கீழே.

படி 1: எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெர்முடா கரீபியனில் இல்லை. வட கரோலினாவின் கேப் ஹாட்டரஸுக்குக் கிழக்கே, வட அட்லாண்டிக்கில், சுமார் 1,050 கி.மீ. தள்ளித் தனியாகக் கிடக்கும் தீவுக் கூட்டம். பக்கத்தில் வேறு தீவே கிடையாது. அதனால்தான் கப்பல் அங்கே மட்டும் போய்த் திரும்புகிறது. நியூயார்க்கிலிருந்து மாலையில் கிளம்பும் கப்பல் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை நாளில் போய்ச் சேரலாம். தீவின் மேற்கு முனையில் உள்ள ராயல் நேவல் டாக்யார்டில், கிங்ஸ் வார்ஃப் அல்லது ஹெரிட்டேஜ் வார்ஃப் என்ற துறைமுக மேடையில் கப்பலைக் கட்டி நிறுத்துவார்கள். ஏழு இரவுப் பயணமானால் பெரும்பாலும் இரண்டு இரவு அங்கேயே நிற்கும். அந்த இரண்டு நாளும் உங்கள் கேபின்தான் ஓட்டல்.

பல துறைமுகப் பயணங்களில் முக்கியமானவை ஃபுளோரிடாவிலிருந்து கிளம்புகின்றன. கிழக்கு கரீபியன் என்றால் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். மேற்கு கரீபியன் என்றால் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்காவின் ஃபால்மவுத், ரோவட்டான். நியூயார்க்கிலிருந்தே கிளம்பும் பல துறைமுகப் பயணங்களும் உண்டு: போர்ட் கனாவரல் போய் பஹாமாஸைத் தொட்டு வருவது ஒன்று, இலையுதிர் காலத்தில் பாஸ்டன், பார் ஹார்பர், செயின்ட் ஜான், ஹாலிஃபேக்ஸ் என்று வடக்கே போவது இன்னொன்று. இந்தப் பட்டியல்களில் எல்லாம் ஒரு வெளிநாட்டு ஊராவது இருப்பதற்குக் காரணம் 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றிச் சுற்ற முடியாது. பெரிய க்ரூஸ் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை.

மூன்றாவதாக ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபுளோரிடாவிலிருந்து மூன்று, நான்கு இரவுக்குக் கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவுக்குப் போய் வரும் பயணங்களையும் "தீவுப் பயணம்" என்றே விற்கிறார்கள். அங்கே கப்பல் காலையில் வந்து மாலையில் போய்விடும். கடற்கரை, நீச்சல் குளம், சறுக்கு, சாப்பாடு எல்லாம் நிறுவனத்தின் ஏற்பாடு. சிறு பிள்ளைகளுக்கு அருமையாக இருக்கும். ஊர், சந்தை, மனிதர்கள் என்று ஒன்றும் இருக்காது.

படி 2: விலை பார்க்கும் முன் பாஸ்போர்ட்டை எடுங்கள்

இதை முதலில் செய்யாதவர்கள்தான் முனையத்தில் பெட்டியோடு நின்றுவிடுகிறார்கள். ஆவணங்களை நிறுவன ஊழியர்கள் கப்பலேறும் இடத்திலேயே பார்ப்பார்கள். பட்டியலில் உள்ள ஒரு நாட்டுக்கு உங்களிடம் சரியான ஆவணம் இல்லை என்றாலும் ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் பொதுவாகத் திரும்ப வராது.

ஒரே துறைமுகப் பயணத்தின் பெரிய வசதி இங்கேதான்: ஒரு நாட்டு விதியை மட்டும் படித்தால் போதும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசாவில் இருப்பவர்கள் பெர்முடாவுக்குத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவுக்குத் திரும்பப் பல முறை நுழையும் செல்லுபடியான விசா கையில் வேண்டும். காலாவதிக்கு இரண்டு மாதமாவது மீதம் இருக்கும்படி தேதியைத் தேர்ந்தெடுங்கள். நான்கு ஊர் என்றால் இதே வேலையை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வடக்கே போகும் பயணத்தில் ஹாலிஃபேக்ஸோ செயின்ட் ஜானோ இருந்தால் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் கனடா விசா வேண்டும் (கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு). கோசுமெலுக்கு, செல்லுபடியான அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை.

அதிகம் பேர் சறுக்கும் இடம் எச்-1பி வேலை விசா. ஐ-797 என்ற நீட்டிப்பு ஒப்புதல் தாள் கையில் இருக்கும், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருக்கும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பினால் பழைய விசாவே தானாகப் புதுப்பித்ததாகக் கொள்ளும் விதி ஒன்று இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு, "பக்கத்துத் தீவுதானே" என்று பெர்முடாவுக்கோ பஹாமாஸுக்கோ பதிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை எஃப், ஜே விசா மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான் அருகிலுள்ள தீவுகள் வரை நீளும், அதிலும் கியூபா சேராது. எச்-1பிக்காரர்களுக்குக் கனடா, மெக்சிகோவோடு முடிந்துவிடும். விசா முத்திரை காலாவதியான எச்-1பி குடும்பம் பெர்முடா போனால் அமெரிக்காவுக்குத் திரும்ப வழியில்லாமல் நிற்கும். மாணவர்களுக்குச் சட்டப்படி இடம் இருந்தாலும் கப்பல் நிறுவனம் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். மின்னஞ்சலில் பதில் வாங்கி அச்செடுத்து வையுங்கள். கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள், அட்வான்ஸ் பரோலோ (வெளிநாடு போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி) செல்லுபடியான எச் அல்லது எல் விசாவோ இல்லாமல் எந்தக் கப்பலிலும் ஏற வேண்டாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், அவர்கள் விசா பல முறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். கப்பலில் போய் வந்தால் ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கைக்குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கடலிலேயே ஓடும் பயணமானால் பன்னிரண்டு மாதம். கர்ப்பிணிகள், பயணத்தின் எந்த நாளிலாவது 24-ஆவது வாரத்தைத் தொடுவதாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள்.

படி 3: கரை நேரத்தைக் கணக்கிடுங்கள்

பயண நிரலில் இருக்கும் வருகை, புறப்பாடு நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து இவற்றைக் கழியுங்கள்:

- வந்ததும் துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்து, கூட்டம் இறங்கி, நீங்கள் வெளியே வர: 1 மணி நேரம்.
- டெண்டர் படகு ஊரானால், அதாவது கப்பல் நடுக்கடலில் நின்று சிறு படகில் கரை சேர்க்கும் ஊரானால்: இன்னும் 1 மணி நேரம்.
- "எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம்" பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு. அதற்கும் ஒரு மணி முன்பே மேடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 1½ மணி நேரம்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. நான்கு ஊர்கள், ஒவ்வொன்றிலும் காலை 8 முதல் மாலை 5 வரை. ஒன்பது மணி நேரத்தில் இரண்டரை போனால் ஆறரை. நான்கு ஊருக்கும் சேர்த்து 26 மணி. ஒன்று டெண்டர் ஊரானால் 25.

பெர்முடாவில் புதன் காலை 8 மணிக்கு வந்து வெள்ளி பிற்பகல் 3 மணிக்குக் கிளம்புகிறது என்று வைப்போம். புதன் 9 முதல் இரவு 9 வரை 12 மணி, வியாழன் 12 மணி, வெள்ளி காலை 8 முதல் 1 வரை 5 மணி. மொத்தம் 29.

வித்தியாசம் மூன்று, நான்கு மணிதான். ஆனால் 26 மணி நேரம் நான்கு ஆறரைத் துண்டுகளாக வருகிறது. போக ஒரு மணி, வர ஒரு மணி கழித்தால் ஊருக்கு நாலரை. அதில் ஒரு காரியம்தான் நடக்கும்: ஒரு கோட்டை, அல்லது ஒரு கடற்கரை. பெர்முடாவில் பகல் முழுக்கக் கடற்கரையில் இருந்துவிட்டு, கப்பலுக்கு வந்து குளித்து, குழந்தையைத் தூங்க வைத்து, மாலையில் மறுபடி படகேறி ஊருக்குள் போகலாம். மழை பெய்தால் அன்றைய திட்டத்தை மறுநாளுக்கு மாற்றலாம். இந்தத் தாராளம்தான் ஒரே துறைமுகப் பயணத்தின் மதிப்பு.

அந்தத் தாராளம் இல்லாத பெர்முடாப் பயணங்களும் விற்பனையில் உண்டு. ஐந்து இரவுப் பயணங்கள் சிலவற்றில் ஒரே இரவுதான் நிற்கும், சிலவற்றில் ஒரு பகல் மட்டும். போக வர மூன்று, நான்கு நாள் கடல். நடுவில் ஒன்பது மணி நேரத் தீவு. இதற்குப் பல துறைமுகப் பயணமே மேல். நிரலில் இரவு தங்கல் என்று தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள்.

படி 4: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெர்முடாப் பயணங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை. படத்தில் தெரியும் நீலக் கடலை நம்பி ஏப்ரலில் போனால் தண்ணீர் குளிரும். பிள்ளைகள் கால் நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். குளிக்க நல்ல காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. அதே காலம்தான் புயல் காலமும்: ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஆகவே முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஜூன் கடைசியும் ஜூலையும். பள்ளி விடுமுறை என்பதால் விலை ஏறியிருக்கும். தாங்க முடிந்தால் கொடுங்கள்.

புயல் வந்தால் இரண்டு பயணங்களும் வேறு வேறு விதமாக அடிபடும். நான்கு ஊர்ப் பயணத்தில் கேப்டன் ஒன்றை விட்டுவிடுவார், அல்லது கிழக்கை மேற்காக மாற்றுவார், மீதி கிடைக்கும். பெர்முடாப் பயணத்தில் பெர்முடா கைவிட்டுப் போனால் எல்லாமே போயிற்று. கப்பலை வடக்கே திருப்பலாம், அல்லது ஃபுளோரிடா, பஹாமாஸ் பக்கம் கொண்டு போகலாம். ஒப்பந்தத்தில் அந்த உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. விட்டுப்போன துறைமுகத்தின் கட்டணமும் வரியும் திரும்ப வரும். பயணக் கட்டணம் வராது. திருப்பிவிடும் இடம் கனடாவாக இருந்தால் விசா கேள்வி மறுபடி எழும். செப்டம்பரில் பெர்முடா போகிற இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள், மாற்று ஊர் கனடாவானால் என்ன செய்வார்கள் என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பயணக் காப்பீட்டைப் பதிவு செய்த சில நாளிலேயே வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலால் வரும் நஷ்டத்தைக் காப்பீடு ஏற்காது.

கடல் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கிலிருந்து பெர்முடா போகும் வழியில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். வடக்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் அங்கே அலை செங்குத்தாக எழும்; ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இது அதிகம். கரீபியத் தீவுகளுக்கு இடையிலான ஓட்டம் பொதுவாக இதைவிடச் சாது. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த் தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நடுவில் கேபின் எடுக்க வேண்டும். கப்பலின் முன்முனையிலும் மேல் தளங்களிலும் ஆட்டம் கூடுதல். மெக்லிசின் மாத்திரை அமெரிக்காவில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு; கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

படி 5: கூட வருகிறவர்களை வைத்து முடிவெடுங்கள்

முழங்கால் வலியுள்ள பெற்றோர் வருகிறார்கள் என்றால் ஒரே துறைமுகம். கப்பலிலிருந்து மேடைக்குச் சாய்தளத்தில் நடந்து இறங்கலாம், களைத்தால் திரும்பலாம், மறுபடி வரலாம். கிராண்ட் கேமனில் க்ரூஸ் கப்பல் கட்டும் மேடை கிடையாது. ஆடும் படகில் ஏறி இறங்க வேண்டும். அலை பெரிதானால் சக்கர நாற்காலியை ஏற்ற மறுப்பார்கள், இன்னும் பெரிதானால் ஊரையே விட்டுவிடுவார்கள். பெலிஸ் சிட்டியும் அப்படித்தான், கரை தூரம் வேறு.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை: ஒரே துறைமுகம். மதியத் தூக்கம் கெடாது.

பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்க வேண்டும். பெர்முடா அமைதியான இடம். மூன்றாம் நாள் "இன்னும் இங்கேதானா" என்று கேட்பார்கள். அவர்களுக்கு சான் ஹுவான் கோட்டையும் கோசுமெலின் பவளப் பாறைகளும் தினம் ஒரு புது ஊரும் பிடிக்கும். நண்பர்கள் குழுவாகப் போவதற்கும், எந்தத் தீவுக்கு அடுத்த முறை விமானத்தில் போய் ஒரு வாரம் தங்கலாம் என்று பார்த்து வைப்பதற்கும் பல துறைமுகமே சரி.

கப்பல் ஓடுவதே பிடிக்குமா, கரை பிடிக்குமா என்பதும் கேள்வி. மேடையில் நிற்கும்போது கப்பலின் கடைகள் மூடியிருக்கும். கடல் நாளின் கலகலப்பு இருக்காது.

படி 6: பணம்

விளம்பர விலையை ஒப்பிடாதீர்கள். கீழே உள்ள எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

டிப்ஸ் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர். நால்வர் குடும்பம், ஏழு இரவு என்றால் 450 முதல் 560 டாலர் வரை. கைக்குழந்தைகளுக்குச் சில நிறுவனங்களில் விலக்கு. துறைமுக வரி தனி. ஃபுளோரிடாவானால் நால்வருக்கு விமானமும், முதல் நாள் இரவு ஓட்டலும் சேரும். அன்று காலை விமானத்தில் போய் அன்று மதியம் கப்பலேறலாம் என்று நினைக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. நியூ ஜெர்சியிலிருந்து போகிறவர்களுக்கு விமானச் செலவு இல்லை, முனையத்தில் கார் நிறுத்தும் கட்டணம் அல்லது டாக்சி மட்டும். ஆனால் மன்ஹாட்டன், புரூக்ளினின் ரெட் ஹூக், பேயோனின் கேப் லிபர்ட்டி என்று முனையங்கள் மூன்று. "நியூயார்க்கிலிருந்து" என்று போட்டிருக்கும் கப்பல் நியூ ஜெர்சியில் நிற்கலாம். சீட்டில் உள்ள முகவரியைப் பாருங்கள்.

கரைச் செலவில்தான் பெரிய வேறுபாடு. நான்கு ஊரில் நான்கு கரைச் சுற்றுலா, ஒவ்வொன்றுக்கும் நால்வர் கட்டணம் என்று போனால் சில சமயம் பயணக் கட்டணத்தையே எட்டிவிடும். பெர்முடாவில் விலைவாசி கடுமை, ஏனென்றால் உணவு முதல் எல்லாம் கப்பலில் வந்து இறங்குகிறது. ஆனால் பஸ், ஃபெர்ரி இரண்டுக்கும் செல்லும் பாஸ் வாங்கிக்கொண்டு, காலையும் இரவும் கப்பலில் சாப்பிட்டால் கரைச் செலவு கட்டுக்குள் நிற்கும்.

படி 7: பெர்முடா என்று முடிவானால்

இறங்கியதும் டாக்யார்டில் உள்ள பயணியர் மையத்தில் இரண்டு நாள் அல்லது மூன்று நாள் பாஸ் வாங்குங்கள். ஃபெர்ரியில் ரொக்கம் வாங்குவதில்லை. பஸ்ஸில் ரொக்கமாகக் கொடுத்தால் சரியான சில்லறை நாணயமாக வேண்டும். பெர்முடா டாலரும் அமெரிக்க டாலரும் ஒரே மதிப்பு, அமெரிக்க நோட்டை எல்லா இடத்திலும் வாங்குவார்கள். மீதி பெர்முடா நோட்டாக வந்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள். அமெரிக்காவில் மாற்றுவது தொல்லை.

நீல வழி ஃபெர்ரி 20 நிமிடத்தில் தலைநகர் ஹாமில்ட்டனுக்குப் போகும். பஸ்ஸில் இதே தூரம் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம். 7-ஆம் எண் பஸ் தென் கரையோரமாகப் போவதால் கடற்கரைகளுக்கு அதுதான். நிறுத்தக் கம்பம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஹாமில்ட்டனை நோக்கிப் போகும் பஸ், நீலமாக இருந்தால் ஹாமில்ட்டனிலிருந்து வரும் பஸ். இதைத் தெரியாமல் எதிர்ப் பக்கம் நின்று அரை மணி இழப்பவர்கள் நிறையப் பேர்.

ஹார்ஸ்ஷூ பே கடற்கரைக்குக் காலை 9 மணிக்கு முன்பே போய்விடுங்கள். 11 மணிக்கு எல்லாக் கப்பல் கூட்டமும் வந்து குவியும். பஸ் நிறுத்தம் மேட்டின் மேல் இருக்கிறது. இறங்கும் பாதை செங்குத்து, திரும்பி ஏறும்போது பெரியவர்கள் திணறுவார்கள். அவர்களோடு போனால் டாக்யார்டிலிருந்து மணல் வரை போகும் சிறு வேனே நல்லது. அங்கிருந்து கிழக்கே மணல்மேட்டுப் பாதையில் நடந்தால் ஜாப்சன்ஸ் கோவ் என்ற சிறு குடாவும் வார்விக் லாங் பேயும் வரும். கூட்டம் பாதிகூட இராது. மணலின் இளஞ்சிவப்புக்குக் காரணம் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் சிவந்த ஓடுகள். ஈர மணலை அள்ளிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

செயின்ட் ஜார்ஜ் கிழக்கு முனையில், டாக்யார்டுக்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கிறது. 1612-இல் உருவான ஊர், 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோடையில் டாக்யார்டிலிருந்து நேராகப் போகும் ஃபெர்ரி ஓடும் நாள்களை முன்பே பாருங்கள். ஃபெர்ரி இல்லாத நாளில் இரண்டு பஸ் மாறிப் போனால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். கிறிஸ்டல் குகையும் அந்தப் பக்கம்தான்; ஆகவே இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள். குகையில் எண்பதுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். கிப்ஸ் ஹில் கலங்கரை விளக்கத்தில் 185 படிகள். 1846-இல் எழுப்பிய வார்ப்பிரும்புக் கட்டடம், உச்சியிலிருந்து தீவு முழுதும் தெரியும். படிப்படியாகச் சரியும் வெள்ளைக் கூரைகளையும் அங்கிருந்து பாருங்கள். ஆறு இல்லாத தீவு அது. கூரையில் விழும் மழைநீரை வீட்டுக்கடியில் உள்ள தொட்டியில் சேர்த்துக் குடித்தே வாழ்ந்திருக்கிறார்கள்.

வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. நம்மூர் போல இடது பக்கம் ஓட்டுவது என்பதால் துணிச்சல் வரும். ஆனால் சாலை மிகக் குறுகல், இரு பக்கமும் கல்சுவர், வளைவுக்கு அப்பால் தெரியாது. சுற்றுலாப் பயணிகள் சுவரில் உரசித் தோல் வழித்துக்கொள்வது வாடிக்கை. வேக வரம்பு மணிக்கு 35 கி.மீ. என்பதால் ஸ்கூட்டரில் மிச்சமாகும் நேரமும் பெரிதல்ல. பெற்றோருக்கு, நீலக் கொடி கட்டிய டாக்சியை மணிக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டுநர்கள் தேர்வு எழுதித் தகுதி பெற்ற வழிகாட்டிகள்.

படி 8: நான்கு ஊர்கள் என்று முடிவானால்

ஓர் ஊருக்கு ஒரு காரியம். இந்த ஒழுங்கை மீறினால்தான் கப்பலைத் தவறவிடுகிறார்கள்.

கோசுமெலில் இறங்கி டூலும் மாயன் சிதைவுகளைப் பார்க்கலாம் என்று கரைச் சுற்றுலா விற்பார்கள். கோசுமெல் தீவு, டூலும் பெருநிலத்தில். முதலில் ஃபெர்ரியில் முக்கால் மணி, அதுவும் குமட்ட வைக்கும் ஃபெர்ரி. பிறகு பஸ்ஸில் ஒரு மணிக்கு மேல். சிதைவுகளில் நிற்பதைவிட வண்டியில் இருப்பதே அதிகம். கோசுமெலில் நீச்சல் முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் மீன் பாருங்கள், போதும். சான் ஹுவானில் பழைய ஊர் மேடைக்கு எதிரிலேயே இருக்கிறது. எல் மோரோ கோட்டைக்கு நடந்தே போகலாம், சுற்றுலாவுக்குப் பணம் தர வேண்டியதில்லை. செயின்ட் மார்ட்டினில் விமானம் தலைக்கு மேல் இறங்கும் மாஹோ கடற்கரைக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். அது துறைமுகம் இருக்கும் பிலிப்ஸ்பர்கிலிருந்து தள்ளி இருக்கிறது, நடுவில் சாலை நெரிசல் பேர்போனது. காலையில் முதலில் அங்கே போய், நெரிசல் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். மீதி நேரத்துக்குத் துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே கிரேட் பே கடற்கரை இருக்கிறது.

தூரமாகப் போவதானால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போங்கள். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பேசிய வண்டிக்குக் காத்திருக்காது. தவறவிட்டால் அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில் விமானம், அங்கே விசா கேள்வி. பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்தில் பூட்டி, நகலும் விசாப் பக்க நகலும் படம் உள்ள இன்னொரு அடையாள அட்டையும் கப்பல் அட்டையும் எடுத்துப் போங்கள்.

பதிவு செய்த பிறகு

சைவச் சாப்பாடு, குறிப்பாக இந்தியச் சைவம், பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்க வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மறுபடி உறுதி செய்யுங்கள். முதல் இரவே உணவறைத் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசினால், மறுநாள் இரவுக்குப் பருப்பும் காய்கறியும் தனியே செய்து தருவார்கள். ரைஸ் குக்கர், மின்கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு எதையும் கொண்டு போகாதீர்கள். பெட்டிச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத முறுக்கு, ஊறுகாய்ப் பொட்டலங்கள் பரவாயில்லை. பழம், விதை, இறைச்சி எதையும் கப்பலிலிருந்து கரைக்கோ, திரும்பும்போது அமெரிக்காவுக்குள்ளோ எடுத்துப் போகக் கூடாது. பஃபேயில் எடுத்த ஆப்பிள்கூட அபராதத்தில் முடியலாம்.

பெற்றோருக்கு வாங்கிய அமெரிக்க வருகையாளர் காப்பீடு கடலிலும் பெர்முடாவிலும் செல்லுமா என்று பாருங்கள். பல திட்டங்களில் செல்லாது. கப்பல் மருத்துவர் கட்டணத்தை உங்கள் கணக்கிலேயே எழுதிவிடுவார். தீவிலிருந்து நோயாளியை விமானத்தில் கொண்டுவரும் செலவையும் சேர்த்த பயணக் காப்பீடு அவர்களுக்குக் கட்டாயம் தேவை. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வர மாலையாகிவிடும்.

கப்பல் கிளம்பும் முன் எல்லாருடைய போனையும் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றுங்கள், அப்பா அம்மாவின் போன் உட்பட. கடலில் கப்பலின் செல்கோபுரத்தோடு இணைந்தால் கட்டணம் தாறுமாறாக ஏறும். பெர்முடா நேரம் நியூயார்க்கைவிட ஒரு மணி முன்னே ஓடுகிறது; கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுகிறதா இல்லையா என்று தினசரி அறிக்கையில் இருக்கும். போன் தானாக மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றாமல் இருக்கலாம். கப்பல் நேரத்தில் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.